பதினாறு மணித்தியாலம்

அன்ரி,

போன வியாழக்கிழமை லண்டன் காண்ட்ஸ் ஹில்லில், உங்கள் யூத ஆட்களின் பலசரக்குக் கடைக்குப் போனேன். செத்தவர்களின் நாளுக்கு ஏற்றுகிற, இருபத்திநாலு மணித்தியாலம் நின்று எரியும் மெழுகுதிரி, சின்னத் தகர ரின்னுக்குள் ஊற்றி விற்பார்களே, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் காசு கட்டுகிற இடத்தில் வைத்தேன். கடைக்காரர் மெழுகுதிரியைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், திரும்பவும் மெழுகுதிரியைப் பார்த்தார்.

"எங்கள் கலண்டரில் இந்த வருசம் ஆதார் மாதம் இரண்டு தரம் வருகிறது. தெரியும்தானே? ஒன்று போதுமா?"

"ஒன்று போதும்."

"முதல் ஆதாருக்கா, இரண்டாவதுக்கா?"

"இரண்டாவதுக்கு."

"எங்கள் ஆட்களில் கனபேர் முதலாவதில்தான் ஏற்றுவார்கள்," என்றார் பக்குவமாக. தெரியாமல் பிழை விடுகிறாள், சொல்லிக் கொடுப்போம் என்று நினைத்திருப்பார். நல்ல மனுசன். "முதலாவதுக்கு வேறு ஏற்பாடு இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் நின்று ரின்னின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். அந்த மெழுகு மணத்தோடு உங்கள் குசினி, உங்கள் மேசை, மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் உங்கள் விரல்கள் எல்லாம் வந்துவிட்டன. பஸ் வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் இந்த எட்டு வருசத்தில் என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாக மாறிப் போய்விட்டது. நீங்கள் "ஓம்" என்று சொல்வதாகக்கூடக் கேட்கிறது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை வாசித்திருக்க மாட்டீர்கள். அது எனக்கு வசதி. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இங்கிலீஷும் காணாது, துணிவும் காணாது.

எண்பத்தாறாம் ஆண்டு, இலை கொட்டுகிற காலத்தில், கவுன்சில் என்னை உங்களிடம் ஹோம் ஹெல்ப்பாக, வீட்டு வேலைகளுக்கு உதவியாக, அனுப்பியது. கிழமையில் ஐந்து நாள், காலை ஒன்பது மணிக்கு. உங்கள் மனுசன் அந்தக் கோடையில்தான் தவறிப் போயிருந்தார். உங்களுக்குப் பார்வையின் நடுவில் இருட்டு. ஓரங்களில் மட்டும் நிழல் மாதிரி ஏதோ தெரியும். என் முகத்தைப் பார்ப்பதற்காக நீங்கள் முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்ப்பீர்கள். முதல் நாள் எனக்கு அது விளங்காமல், என்ன இந்த மனுசிக்கு இவ்வளவு திமிர் என்று உள்ளுக்குள் கறுவினேன்.

பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். எழுபத்திரண்டு வயது மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "அன்ரி" என்றேன்.

"நான் ஒருத்தருக்கும் அன்ரி இல்லை," என்று வெடுக்கென்று சொன்னீர்கள்.

கோபக்காரி என்று நினைத்தேன். நானும் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. அன்றிலிருந்து வேண்டுமென்றே, ஒரு வசனத்துக்கு இரண்டு தரம், அன்ரி அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் நீங்கள் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினீர்கள்.

அந்தச் சொல் ஏன் உங்களுக்குக் குத்தியது என்று தெரிய மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டி, "மலர், ஆதார் மாதம் ஒன்பதாம் நாள் எப்ப வருகுது எண்டு பார்," என்றீர்கள். இறைச்சிக்கடைக்காரர் கொடுக்கிற கலண்டர் அது. இங்கிலீஷ் திகதி பெரிதாகவும், மூலையில் உங்கள் மாதமும் நாளும் எறும்பு மாதிரியும் இருக்கும். என்ன விசயம் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னீர்கள். வைட்சப்பலில் இரண்டு அறை வீடு. உங்களுக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. ஒரே கட்டில், ஒரே தலையணி. தொண்டை அடைக்கிற காய்ச்சல் முதலில் உங்களுக்குத்தான் வந்தது. நீங்கள் எழும்பிவிட்டீர்கள். உங்களிடமிருந்து அவளுக்குத் தொற்றியது, அவள் எழும்பவில்லை.

வேறு சகோதரம் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. உங்களை அன்ரி என்று கூப்பிட ஒரு பிள்ளை பிறந்திருக்க வேண்டுமென்றால் அது அவளுடைய பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "இனி அப்படிக் கூப்பிடேல்லை," என்றேன். "இல்லை, கூப்பிடு. பழகிப் போச்சு," என்றீர்கள்.

"கடவுளோட எனக்குக் கதை பேச்சு இல்லை, மலர். கோயிலோடையும் இல்லை. இந்த ஒரு மெழுகுதிரி மட்டும்தான். ஒரு வருசமும் விட்டதில்லை. குண்டு போட்ட காலத்தில மேசைக்குக் கீழ வைச்சு ஏத்தினனான்." இறந்த நாளுக்கு ஏற்றுகிற அந்த மெழுகுதிரி, ஒரு பொழுதுபட்ட நேரத்திலிருந்து அடுத்த பொழுதுபடும் வரைக்கும் அணையாமல் எரிய வேண்டும். வருசா வருசம் நாள் பார்த்துச் சொன்னது உங்கள் மனுசன். அவர் போன பிறகு பார்க்க ஆள் இல்லை. கோயில்காரரிடம் கேட்கலாம்தானே என்றேன். மனுசனை அடக்கம் செய்த விசயத்தில் அவர்களோடு நீங்கள் கொளுவிக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

நானும் பெரிய மனுசி மாதிரிச் சத்தியம் பண்ணினேன். ஏனென்றால் கலண்டரைப் பார்த்த உடனேயே எனக்குள் ஒரு சந்தோசம். அட, இது எங்கள் திதிதானே! நாங்களும் செத்தவர்களுக்கு நிலவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறோம். இங்கிலீஷ் திகதியை ஆர் பார்க்கிறது? வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டுக்கும் நடுவில், எது சரி என்று சண்டை பிடித்துக்கொண்டே வளர்ந்த சனம் நாங்கள். இந்தக் கணக்கை எனக்கு ஆர் சொல்லித் தர வேண்டும்?

அந்த வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தேன். இறைச்சிக்கடைக் கலண்டர். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் கோயிலில் இருந்து வருசா வருசம் தபாலில் வந்துகொண்டிருந்த சின்னக் கலண்டர்ப் புத்தகம். வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடுகிற நேரம் அச்சடித்த, பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள். போதாததற்கு இல்ஃபோர்ட் லைப்ரரியில் உங்கள் பண்டிகைகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். திரும்பத் திரும்ப அதையே எடுத்ததால் அங்கே இருந்த பெண், "நீங்கள் மதம் மாறப் போறீங்களா?" என்று கேட்டாள். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்தேன். மாதம் பிறந்தால் அமாவாசை கழிந்தது. பதினைந்து என்றால் பறுவம், முழு நிலவு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அமாவாசை விரதத்துக்கும் அந்தக் கொப்பிதான். "இறைச்சிக்கடைக் கலண்டரைப் பாத்து விரதம் பிடிக்கிறவள் உலகத்தில நீ ஒருத்திதான்," என்று இவர் சிரிப்பார்.

முதல் வருசமே ஒரு தரம் மூக்குடைபட்டேன். ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டுப் போனேன். செவ்வாய் காலையில் குளித்து, வேளைக்கே வந்து கதவைத் திறந்தால், மெழுகுதிரி மேசையில் பாதி எரிந்து நிற்கிறது.

"எப்ப ஏத்தினீங்கள்?"

"நேற்றுப் பொழுதுபட. அப்பதானே நாள் பிறக்குது."

"எங்களுக்கு விடியத்தான் பிறக்கும்."

"அப்ப நீ பாதி நாள் பிந்தி வந்திருக்கிறாய்," என்று சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். அந்தச் சிரிப்பில் நான் ஒரு பாடமும் படிக்கவில்லை. இந்த ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது, இனி எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருசம் மெழுகுதிரி ஏற்றும்போது உங்கள் சுவெற்றர் கையில் நெருப்புப் பற்றியது. பெரிதாக ஒன்றும் இல்லை, நான் பக்கத்தில் நின்றதால் அமத்திவிட்டேன். ஆனால் ஒபிசில் சொன்னேன். அவர்கள், நெருப்புப்பெட்டியை அவவுக்கு எட்டாத இடத்தில் வை என்றார்கள். அன்றிலிருந்து அது குசினி அலுமாரிக்கு மேலே, என் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் இருந்தது. தேத்தண்ணி போட உங்களுக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் பழைய கேஸ் அடுப்பில் சின்னச் சுவாலை ஒன்று எப்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்; பிடியைத் திருகினால் தானாகப் பற்றும்.

எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் வந்த சின்னப் புத்தகத்தை விரித்தால் ஆதார் மாதம் இரண்டு. ஆதார் ஒன்று, ஆதார் இரண்டு. நிலவு மாதம் பன்னிரண்டும் சேர்ந்தாலும் வருசத்துக்குப் பதினொரு நாள் குறையும். அதைச் சரிக்கட்ட இடைக்கிடை ஒரு மாதத்தைச் செருகுகிறார்கள் என்று லைப்ரரிப் புத்தகம் சொன்னது. அப்படியென்றால் ஒன்பதாம் நாளும் இரண்டு. பெப்ரவரி நடுவில் ஒன்று, மார்ச் நடுவில் ஒன்று. உங்கள் தங்கச்சியின் நாள் எது?

"உங்கட மனுசன் எந்த மாசத்தில ஏத்தச் சொன்னவர்?"

நீங்கள் நெற்றியைச் சுருக்கி யோசித்தீர்கள். "குளிருக்கை ஏத்தின ஞாபகமும் இருக்கு. மஞ்சள் பூ பூத்த நேரம் ஏத்தின ஞாபகமும் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "போன மாசந்தானே ஏத்தினம் எண்டு ஒருக்கா அவரிட்டைக் கேட்ட மாதிரியும் இருக்கு," என்றீர்கள்.

"அது வேற ஆரின்ரையும் நாளாயிருக்கும். உங்களுக்கு ஞாபகப் பிசகு," என்றேன். எவ்வளவு சுகமாகச் சொன்னேன், பாருங்கள்.

ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். எங்கள் வழக்கத்தில் ஒரே மாதத்துக்குள் ஒரே திதி இரண்டு தரம் விழுந்தால் பிந்தினதைத்தான் எடுக்க வேண்டும். என் மாமியாருக்கு அப்படி விழுந்த வருசம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஆனாலும் மனம் கேட்காமல் எங்கள் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். "ஐயா, ஒரே திதி இரண்டு தரம் வந்தா எதை எடுக்கிறது?" என்றேன். "பிந்தினதுதான் பிள்ளை. முன்னுக்கு வாறது கழிவு," என்றார். ஆருடைய திதி என்று அவர் கேட்கவில்லை. வைட்சப்பலில் செத்த ஒரு யூதப் பிள்ளையின் திதி என்று நான் சொல்லவும் இல்லை. லைப்ரரிப் புத்தகத்திலும், பூரிம் பண்டிகையை இரண்டாவது ஆதாரில்தான் கொண்டாடுவார்கள் என்று இருந்தது. இனி என்ன, உண்மையான மாதம் இரண்டாவதுதான். எனக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது.

இவர் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அவையின்ர கோயிலில கேட்டா ஒரு நிமிசத்தில முடிஞ்சுது," என்றார்.

"கேக்கக் கூடாதெண்டு சத்தியம் வாங்கியிருக்கிறா."

"அப்ப நீ முடிவு சொல்லப் போறியோ? நீ என்ன அவையின்ர ஐயரோ?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது. அவர் சொன்னது சரி.

அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் மெலிந்துகொண்டே வந்தீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு நாள், "இந்த முறை ஏத்திப் போட வேணும் மலர். அடுத்த வருசம் நான் இருக்க மாட்டன்," என்று, கடைக்குப் போய் பால் வாங்க வேணும் என்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

பெப்ரவரி வந்தது. முதல் ஒன்பதாம் நாளுக்கு முந்திய பின்னேரம் என்னை வரச் சொல்லிக் கேட்டீர்கள். அது என் வேலை நேரம் இல்லை, ஆனாலும் வந்தேன். நாலரை மணி. மேசையில் மெழுகுதிரி ரின் இருந்தது. மூடியை நீங்களே கழற்றி வைத்திருந்தீர்கள். கறுப்பு உடுப்பு, வாரிய தலை. மேசைக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து இருந்தீர்கள்.

"மலர், நெருப்புப்பெட்டியை எடுத்துத் தா."

"அன்ரி, இண்டைக்கில்லை. அடுத்த மாசம் எண்டு கதைச்சனாங்கள் எல்லோ."

"எனக்கு இண்டைக்கு எண்டு மனம் சொல்லுது."

"மனம் சொல்லுறதைக் கேக்கிறதெண்டால் பிறகேன் கலண்டர் அடிக்கினம்?"

அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் திரும்ப விழுங்கப் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு மாசமும் ஏத்தினால் என்ன?"

"ரெண்டு தரம் திவசம் செய்யிறது ரெண்டு தரம் செத்த மாதிரி. கூடாது. நாள் பிழைச்சால் அவவுக்குப் போய்ச் சேராது."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"நிச்சயமாத் தெரியும்."

"அடுத்த மாசம் நான் இருப்பனோ?"

"நல்லா இருப்பியள். விசர்க் கதை கதையாதேங்கோ."

நீங்கள் கையை நீட்டியபடியே இருந்தீர்கள். நான் அந்தக் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்தேன். அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினீர்கள்.

"பொழுதுபட்டிட்டுதோ?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

"இப்ப?"

"இன்னும் இல்லை, அன்ரி."

"இப்ப?"

எதிர்வீட்டுக் கூரைக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து, சாம்பலாகிக்கொண்டிருந்தது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளையும் மணிக்கூட்டையும் பார்த்தேன். எட்டி நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும். கை உயரவில்லை, அன்ரி. என் கணக்கு சரி என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"பட்டிட்டுது," என்றேன். ஐந்து மணி தாண்டிப் பத்து நிமிசம் என்றும் சொன்னேன்.

"சரி. நீ போ. உன்ர மனுசன் பாத்துக்கொண்டிருப்பார்."

மெழுகுதிரியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் இருக்கும்போது, ஒரு பெரிய பிழை நடக்காமல் தடுத்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் காலை கதவைத் திறக்கிறேன், குசினிக்குள் இருந்து வெக்கை வந்து முகத்தில் அடிக்கிறது. யன்னல் கண்ணாடி எல்லாம் ஆவி. பின்பக்கத்து அடுப்பு நீலமாக, சின்னதாக எரிந்துகொண்டிருக்கிறது. மேலே சட்டியும் இல்லை, கேத்திலும் இல்லை. நீங்கள் நேற்றைய அதே கறுப்பு உடுப்போடு, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறீர்கள்.

ஐயோ என்று ஓடிப்போய் அடுப்பைத் திருகி அணைத்தேன். பிறகு என் வாய்க்குப் பூட்டு இல்லை. "கேஸைத் திறந்து விட்டிட்டு இருக்கிறீங்களே, வீடு பத்தினால் என்ன செய்யிறது? நீங்களும் செத்து, மேல்வீட்டுச் சனமும் சாகவோ? ஒபிசில சொல்லி இந்த அடுப்பைக் கழட்டப் போறன்!"

நான் மூச்சு விடுகிற இடைவெளியில் மெதுவாகக் கேட்டீர்கள்.

"அணைச்சுப் போட்டியோ?"

"ஓம், பின்னை என்ன, விட்டுவைக்கிறதோ?"

"இப்ப எத்தினை மணி?"

"ஒன்பது பத்து."

விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எண்ணினீர்கள். "பதினாறு மணித்தியாலம்," என்றீர்கள். பிறகு, "பரவாயில்லை," என்றீர்கள்.

வயது போய் அறளை பெயர்கிறது, புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். உங்களைக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். கால் இரண்டும் ஐஸ் மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை இருமல் வந்தது. பிறகு அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பின்னேரமும் வந்து பார்த்தேன். ஒருநாள் முகத்தில் வைத்திருந்த ஒக்சிசன் குழாயை நகர்த்திவிட்டு, "அடுத்த மாசம் நீ ஏத்துவியோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அன்ரி. எங்கட வீட்டில ஏத்துறன்."

"உன்ர சாமியளுக்குப் பக்கத்திலையோ?"

"இல்லை, இல்லை. குசினி யன்னலில."

"குசினி நல்லம்," என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் ஆதார் முடிய இன்னும் ஒரு கிழமை இருக்கையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஒபிசில் இருந்து போன் பண்ணிச் சொன்னார்கள், கூடவே உங்கள் வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள்.

திறப்பைக் கொடுக்க முந்தி வீட்டுக்குப் போனேன். உங்கள் கோயிலில் இருந்து ஒருவர் வந்து சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் பேச்சை முறித்துக்கொண்ட ஆட்கள்தான் உங்களை அடக்கம் செய்தார்கள், வீட்டையும் ஒதுக்கினார்கள். குப்பைக்குப் போக வைத்திருந்த சாமான்களுக்கு மேலே அந்த நீல பிஸ்கற் ரின் இருந்தது. அறை அலுமாரியில் உங்கள் மனுசனின் தொப்பிக்குப் பக்கத்தில் இருக்குமே, அதுதான். இரண்டரை வருசம் வாரா வாரம் அதை நான் தூசு தட்டியிருக்கிறேன். உள்ளே ஊசி நூல் இருக்கும் என்று நினைத்தேன்.

மூடியைத் திறந்தால் கோயிலின் சின்னப் புத்தகங்கள். ஒரு வருசமும் விடாமல், வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஆதார் ஒன்பதாம் நாளில் பென்சிலால் ஒரு புள்ளடி. உங்கள் மனுசனின் கை. நான் இரண்டு ஆதார் வந்த வருசங்களைத் தேடித் தேடி எடுத்தேன். ஒன்றில் பார்த்தேன், இரண்டாவதில் பார்த்தேன், மூன்றாவதில் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு மாதத்திலும் புள்ளடி. அவர் நாள் குறிக்க, நீங்கள் இரண்டு தரமும் ஏற்றியிருக்கிறீர்கள். போன மாசந்தானே ஏத்தினம் என்று நீங்கள் கேட்டது அவரிடம்தான், அந்த நாளைப் பற்றித்தான்.

கோயில்காரரிடம் கேட்டேன். சத்தியம் அப்போதுதான் முறிந்தது. "சிலர் முதலாவதில், சிலர் இரண்டாவதில், சிலர் இரண்டிலும். கனபேர் முதலாவதில். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே போட்டிருக்கே," என்றார். அந்த வருசத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தது. நான் அட்டவணையைத்தான் பாடமாக்கியிருந்தேன், கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. "ஏன் கேட்கிறீங்கள்?" என்றார் அவர். நான் ரின்னைத் தர ஏலுமோ என்று மட்டும் கேட்டேன்.

ரின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு அந்த எண்ணிக்கை விளங்கியது. ஐந்து பத்திலிருந்து ஒன்பது பத்து வரைக்கும். பதினாறு மணித்தியாலம். நெருப்புப்பெட்டி இல்லாமல், கண் தெரியாமல், என்னோடு அதற்கு மேல் வாதாடாமல், நான் போன கையோடு நீங்கள் அந்த அடுப்பில் ஏற்றியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க பக்கத்தில் காவல் இருந்திருக்கிறீர்கள். நான் வந்து அணைத்துவிட்டு, அதற்கு மேலே உங்களை ஏசியும் போட்டேன். பஸ்ஸுக்குள் சனம் பார்க்கப் பார்க்கக் குழறி அழுதேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னேன்தானே என்று அவர் சொல்லவில்லை, அதற்காக அவருக்கு ஆயிரம் கும்பிடு. "நீ நிப்பாட்டினது அடுப்பை. அவ ஏத்தினது ஏத்தினதுதான்," என்றார். நல்ல சொல்தான். எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

மார்ச்சில், சொன்னபடி, உங்கள் மெழுகுதிரியை எங்கள் குசினி யன்னலில் ஏற்றினேன். அதற்குப் பிறகு ஒரு வருசமும் விட்டதில்லை. உங்களுடைய நாளுக்கு மெழுகுதிரி இல்லை. எங்கள் முறைப்படி சைவமாகச் சமைத்துப் படைக்கிறேன், பக்கத்தில் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் வைக்கிறேன். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன சீனி. இப்போது குடிக்கலாம்.

அந்த வருசத்துக்குப் பிறகு ஆதார் இரண்டு தரம் வருவது இது மூன்றாவது முறை. இன்று சனிக்கிழமை. பொழுதுபட்டதும் எங்கள் பின்பக்கத்து அடுப்பை ஆகச் சின்னதாக வைத்துப் பற்றவைத்தேன். சட்டி இல்லை, கேத்தில் இல்லை. யன்னலைக் கொஞ்சம் நீக்கி விட்டிருக்கிறேன். இவர் வழக்கம் போலக் கதிரையைக் கொண்டுவந்து குசினி வாசலில் போட்டுக்கொண்டு, "நீ முதல் படு, நான் பாக்கிறன்," என்கிறார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எழும்பி அடுப்புக்கு முன்னால் போய் நிற்பேன். வலக்கையை இடக்கையால் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்பது பத்து வரும், போகும். அடுப்பு எரியும். அதற்குப் பிறகு வருகிற எட்டு மணித்தியாலமும் உங்களுக்கு, அன்ரி. உங்கள் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ.

மலர்